கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு நடைப்பயணம்: வடசென்னையிலிருந்து செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் வாழ்கிறவர்களுக்குக் கொசஸ்தலையாறு என்றால் எண்ணூர் முகத்துவாரம்தான். அத்திப்பட்டுப் பக்கம் போகும் ரயிலின் ஜன்னலில் தெரியும் அகன்ற நீர்ப்பரப்பும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், 2021 நவம்பரில் மணலி புதுநகரின் தெருக்களுக்குள் புகுந்த வெள்ளமுமாக மட்டுமே இந்த ஆற்றை அறிந்து வளர்கிற பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ஆனால் இதே ஆற்றை ஒட்டி மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால், 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித இனம் கல்லைச் செதுக்கிக் கருவி செய்து வாழ்ந்த நிலத்தில் கால் வைக்கலாம். இந்தியாவிலேயே மிகப் பழைய மனித வாழ்விடச் சான்றுகளுள் ஒன்று நம் வீட்டிலிருந்து ஒரு புறநகர் ரயில், ஒரு பேருந்து தொலைவில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதோடு நின்றுவிடக் கூடாது, நடந்தும் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பூண்டி நீர்த்தேக்கம், அதற்குக் கீழேயுள்ள ஆற்றங்கரை, பழங்காலக் கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம், குடியம் குகைகள், இறுதியாக எண்ணூர் முகத்துவாரம் என்ற வரிசையில் செல்வது நல்லது. இவற்றை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். குழந்தைகளோடு செல்லும்போது ஒரு நாளுக்கு ஒரு நடை போதும். பார்த்ததைப் பற்றிப் பேசவும், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடவும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் நேரம் இருந்தால்தான் அது பயணமாகும்.

பள்ளத்தாக்கின் இயல்பு

பள்ளத்தாக்கு என்றதும் இருபுறமும் மலைகள் செங்குத்தாக நிற்கும் காட்சியை எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கு அகலமானது, ஆழம் குறைந்தது. வடமேற்கே அல்லிக்குழி மலைகள் தாழ்ந்த தொடராக நிற்கின்றன. அவற்றிலிருந்து தெற்கும் கிழக்கும் நிலம் மெல்லச் சரிந்து, செம்மண் மேடுகளாகவும் வண்டல் வயல்களாகவும் மாறி ஆற்றை அடைகிறது. ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லாததால் சிறுவர்களும் முதியவர்களும் நடப்பதற்கு ஏற்ற நிலம் இது.

காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரும், ஆந்திரப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் நகரியாறு முதலிய ஆறுகளும் சேர்ந்து வளர்ந்த கொசஸ்தலை, ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் பாலாறே இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் கடலை நோக்கி ஓடியது என்பது நிலவியலாளர்களின் கருத்து. இன்று ஓடும் நீரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அகன்ற வெள்ளச் சமவெளி இங்கே எப்படி வந்தது என்று குழந்தை கேட்டால், இதைச் சொல்லலாம்.

சென்னையின் குடிநீர் வரலாறும் இந்த ஆற்றோடு பிணைந்தது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலையின் நீரைத் திருப்பிச் சோழவரத்துக்கும் அங்கிருந்து புழலுக்கும் கொண்டுசென்று, புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பும் திட்டம் 1872-இல் நிறைவேறியது. பின்னர் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. 1996-இல் கிருஷ்ணா நதிநீர் கண்டலேறு கால்வாய் வழியாக அதே பூண்டியை வந்தடைந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளும் இந்தப் பள்ளத்தாக்கின் மணலுக்கு அடியில் தேங்கிய நீரைத்தான் நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தந்துவந்தன. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்துவிட்டது.

எப்போது செல்வது, எதை உறுதிசெய்துகொள்வது

மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை மிகவும் பொருத்தமான காலம். ஆற்றில் ஓரளவு நீர் இருக்கும், வயல்கள் பசுமையாக இருக்கும், நீர்த்தேக்கத்தில் கூழைக்கடாக்களையும் நாரைகளையும் காணலாம். மார்ச் மாதத்துக்குப் பிறகு வெயில் கடுமையாகிவிடும். குடியம் காட்டில் நிழல் குறைவு என்பதால் கோடைவிடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பூண்டி நிரம்பும் நிலையை எட்டியதும் நீர்வளத் துறையினர் உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். அப்போது வெளியாகும் எச்சரிக்கையில் ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களின் பெயர்கள் இருக்கும். நம் சடையன்குப்பம், மணலி புதுநகர், எண்ணூர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரும். அத்தகைய அறிவிப்பு வந்த நாள்களிலும், நீர்த்திறப்பு நிறுத்தப்பட்டதற்குப் பின்வரும் சில நாள்களிலும் ஆற்றங்கரை நடையைத் தள்ளிப்போட வேண்டும். பூண்டியில் வானம் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிச் செல்லக் கூடாது. ஆந்திரப் பக்கத்து மலைகளில் பெய்த மழையின் நீர் இங்கே வந்து சேரச் சில மணிநேரம் பிடிக்கும்.

குடியம் குகைகள் காப்புக்காட்டுக்குள் இருப்பதால், திருவள்ளூரில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும். பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகம் (அகழாய்வுப் பொருள்களின் அருங்காட்சியகம்) அரசு நிறுவனம் என்பதால் வார விடுமுறை நாளையும், பொங்கல் போன்ற விழாக்கால விடுமுறைகளையும் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

பயண வழியும் பையில் எடுத்துச் செல்ல வேண்டியவையும்

காரில் செல்வதானால் மாதவரம், செங்குன்றம் வழியாகத் திருவள்ளூர் செல்லும் சாலை நமக்கு எளிது. எனினும் முதல் பயணத்துக்கு ரயிலையே நான் விரும்புவேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்தவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கித் திருவள்ளூர் மார்க்க ரயிலில் மாறிக்கொள்ளலாம். வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கத்தவர்களுக்கு நேரடி ரயில் உண்டு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதே நாளில் இன்னொரு ரயில் திருவள்ளூர்வரை சென்று திரும்பியது. அந்த வழித்தடத்தில்தான் நாம் போகிறோம் என்று சொன்னால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உண்டு. அத்திரம்பாக்கத்துக்கும் குடியத்துக்கும் பேருந்து வசதி குறைவு. காலையிலேயே ஓர் ஆட்டோவைத் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பூண்டியைத் தாண்டினால் கடைகள் அரிது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், அவித்த வேர்க்கடலை, நீர்மோர் ஆகியவை இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. கணுக்காலை மூடும் ஷூ, முழுநீளக் கால்சட்டை, தொப்பி, சிறிய முதலுதவிப் பை, வெளிர்நிறப் பருத்தி ஆடை ஆகியவற்றோடு, குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு விசில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும்.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இப்பகுதியில் உள்ளவை. பார்க்காத இடத்தில் கையோ காலோ வைக்கக் கூடாது, கற்களைப் புரட்டக் கூடாது என்ற இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான ஆபத்து நீங்கும். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தத்தை வெளியேற்றுவதும் தீங்கு செய்யும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வேண்டும்.

முதல் நடை: பூண்டி

ஐந்து வயதுக் குழந்தை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை எல்லோரும் வரக்கூடிய நடை இது. காலை எட்டு மணிக்குள் பூண்டியை அடைந்துவிட்டால் முதலில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடக்கலாம். சென்னை மேயராக இருந்து, நகரத்தின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க இந்த அணையை எழுப்ப முனைந்த சத்தியமூர்த்தியின் பெயரால் இது சத்தியமூர்த்தி சாகர் என்று அழைக்கப்படுகிறது. 1943-இல் மறைந்த அவர், அடுத்த ஆண்டு பணி நிறைவேறியதைக் காணவில்லை. முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, நீர்மட்டத்தின் முழு உயரம் 35 அடி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தித்தாளில் நாம் படிக்கும் அந்த எண்களை அணையின் முன்னே நின்று பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது. அணையின் மேல் நடக்க எப்போதும் அனுமதி கிடைக்காது. மறுத்தால் காவலரிடம் வாதம் செய்யாமல் கீழுள்ள பாதையிலேயே சுற்றி வரலாம்.

அடுத்து ஊன்றீஸ்வரர் கோயில். வடசென்னைக்காரர்கள் இந்தக் கோயிலைத் தவறவிடக் கூடாது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சுந்தரர் சத்தியம் செய்துகொடுத்தார். திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருடைய இரு கண்களும் ஒளியிழந்தன. பார்வையில்லாமல் நடந்து வந்தவருக்குத் திருவெண்பாக்கத்து இறைவன் ஊன்றுகோல் ஒன்றைத் தந்ததாகவும், கண்ணைக் கேட்டால் கோலைத் தருகிறாயே என்று அவர் அதை வீசியெறிந்தபோது நந்தியின் கொம்பு ஒடிந்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. கொம்பு ஒடிந்த அந்த நந்தியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். பின்னர் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. பழைய திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் இன்று நீர்த்தேக்கத்தில் அடங்கிவிட்டது. அணை கட்டப்பட்டதால் கோயில் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றி அமைக்கப்பட்டது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னிதிக்கு அடிக்கடி செல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, அந்தக் கதையின் அடுத்த பகுதி நிகழ்ந்த மண்ணில் நிற்பது பெரிய நிறைவைத் தரும். அவர்களைக் கொண்டே கதையைச் சொல்ல வைப்பது இன்னும் நல்லது.

மூன்றாவதாக அகழ்வைப்பகம். இதை முதல் நடையிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அத்திரம்பாக்கத்துக்கு நேரடியாகச் செல்கிறவர்கள் கூழாங்கற்கள் சிதறிய ஒரு பொட்டல் நிலத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கருவியை அடையாளம் காணக் கண்ணைப் பழக்காமல் போனால் எல்லாம் வெறும் கல்லாகத்தான் தெரியும். கண்ணாடிப் பேழைகளில் உள்ள கைக்கோடரிகளை, அதாவது கையில் பிடித்துப் பயன்படுத்தச் செதுக்கிய கற்கருவிகளை, குழந்தைகள் பொறுமையாகப் பார்க்கட்டும். ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் மழமழப்பாக இருக்கும். மனிதர் செதுக்கிய கல்லில் சில்லுகள் பெயர்ந்த குழிவான தழும்புகள் அடுத்தடுத்து இருக்கும். இரு தழும்புகள் சந்திக்கும் இடத்தில் மேடான வரம்பு ஓடும். விளிம்பு கூர்மையாகவும், இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவும் இருக்கும். ஒரு கைக்கோடரியைத் தேர்ந்தெடுத்து வரையச் சொன்னால் இந்த வேறுபாடு குழந்தையின் மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டாம் நடை: ஆற்றங்கரையும் அத்திரம்பாக்கமும்

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளக்கூடிய நடை இது. அணைக்குக் கீழே ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் ஊர்ச்சாலைகளிலும் வண்டிப்பாதைகளிலும் நடக்கலாம். வயல் வழியாகப் போக வேண்டியிருந்தால் வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். எதிரில் வருகிற விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செல்வதுதான் முறை.

ஆற்றுப் படுகைக்குள் இறங்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வற்றிக் கிடக்கும் மணல்வெளி குழந்தைகளை ஈர்க்கும். ஆனால் மணல் அள்ளப்பட்ட இடங்களில் ஆழமான பள்ளங்கள் உண்டு. மழைக்குப் பின் அவற்றில் நீர் தேங்கி, மேற்பரப்பு சமமாகத் தெரியும்போது ஆழத்தை யாராலும் மதிப்பிட முடியாது. முழங்கால் அளவு நீர் அடுத்த அடியில் ஆள் ஆழமாகிவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே விதிதான்.

கரையின் மேல் நின்றபடியே வெள்ளச் சமவெளியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆறு வளையும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக மோதுவதால் கரை அறுந்து சுவர் போல நிற்கும். உள்பக்கத்தில் வேகம் குறைவதால் மணல் படிந்து சரிவாக இருக்கும். அறுந்த கரையின் முகத்தை உற்றுப் பார்த்தால் மணல், வண்டல், கூழாங்கல், மறுபடியும் வண்டல் என்று அடுக்குகள் தெரியும். கூழாங்கல் அடுக்கு ஒரு பெருவெள்ளத்தின் சுவடு, ஏனெனில் கனமான கல்லை உருட்டி வர வேகமான நீர் வேண்டும். மென்மையான வண்டல் அடுக்கு, வெள்ளம் கரையைத் தாண்டிப் பரவி, தேங்கி, மெல்ல வடிந்ததைக் காட்டும். அறுந்த கரையின் விளிம்பில் நிற்காமல் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே பாதுகாப்பானது.

பிறகு மரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கரையோரக் கருவேல மரங்களின் கிளைகளில் வைக்கோலும் துணியும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கித் தொங்கும் உயரம்தான் அண்மைய வெள்ளத்தின் மட்டம். அந்த மட்டத்திலிருந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டினால், எந்த வயல் மூழ்கியிருக்கும், எந்தக் களத்துமேடு தப்பியிருக்கும் என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். ஊர்களும் கோயில்களும் மேட்டிலும், நெல் வயல்கள் பள்ளத்திலும் அமைந்திருப்பதன் காரணம் அப்போது தானாகப் புரியும். ஆற்றுக்கு வெள்ளம் வரும்போது பரவ இடம் வேண்டும். அந்த இடத்தை வயலாக வைத்திருந்தவரைக்கும் நீர் வந்து, வண்டலைக் கொடுத்துவிட்டு வடிந்தது. கீழ்ப்பகுதியில் அதே சமவெளியைக் கட்டடங்களால் நிரப்பியதால்தான் மணலி புதுநகரில் மார்பளவு நீரில் மக்கள் தவிக்க நேர்ந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். தங்கள் தெருவுக்கு வெள்ளம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இங்கிருந்து அத்திரம்பாக்கம் செல்ல வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதை நிறுவிய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவரோடு இந்த ஊருக்கு அருகிலுள்ள ஓடையில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டார். கொசஸ்தலையில் கலக்கும் கிளை ஓடை அது. 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் இங்கே நடத்திய அகழாய்வு, உலகத் தொல்லியலின் கவனத்தை இந்தச் சிற்றூரின் பக்கம் திருப்பியது. மிகக் கீழடுக்கில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் அவர்கள் வெளியிட்டனர். பெரிய கைக்கோடரிகளைக் கைவிட்டு, முன்கூட்டியே திட்டமிட்டுப் பெயர்த்த சிறு சில்லுகளால் கருவி செய்யும் இடைப் பழங்கற்கால முறை இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது 2018-இல் வெளியான முடிவு. அந்த முறை மிகப் பிற்காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்ற பழைய எண்ணத்தை அது அசைத்தது.

இவற்றைச் செய்தவர்கள் யார் என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். மனித எலும்பு எதுவும் இங்கே கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்களே புதைபடிவமாகக் கிடைத்தன. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம்மைப் போன்ற இன்றைய மனித இனம் தோன்றியிருக்கவே இல்லை. நமக்கு முந்தைய ஒரு மனித இனம் இந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து கல்லைத் தட்டியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, அவர்கள் சிந்திக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

ஓடைகள் அரித்த மேடுபள்ளமான நிலத்தில் நடக்கும்போது, அகழ்வைப்பகத்தில் கண்ட தழும்புகள் உள்ள கல் கண்ணில் படக்கூடும். குனிந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு கருவி எந்த அடுக்கில், எந்தக் கருவிக்கு அருகில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதிலிருந்துதான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். இடத்தை விட்டு அகற்றிய நொடியிலேயே அது சாட்சியம் இழந்த கல்லாகிவிடும். ஃபூட் காலம் தொட்டு இங்கிருந்து வெளியேறிய கற்கள் போதும். குழந்தையின் பையில் ஒரு கல் கூட வீட்டுக்கு வரக் கூடாது என்பதில் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும். வேலி போட்ட இடத்தில் நுழைவதும், தடுப்புப் பலகையைத் தாண்டுவதும் கூடாது.

மூன்றாம் நடை: குடியம் குகைகள்

பூண்டியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், அல்லிக்குழி மலைகளின் அடிவாரத்தில் குடியம் உள்ளது. ஊரிலிருந்து குகைகளுக்குப் புதர்க்காட்டின் வழியே ஒரு வழிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகளுக்கே இது ஏற்றது. காட்டுப் பாதைகள் கிளைகிளையாகப் பிரிவதால் ஊரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது அவசியம். அவருக்கு உரிய கூலியைப் புறப்படும் முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். சூரியன் ஏறுவதற்குள் நடையைத் தொடங்கி, பகல் பன்னிரண்டு மணிக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

பாதை முழுவதும் உருண்டைக் கற்கள். காலை ஊன்றி வைக்காவிட்டால் வழுக்கும். காரையும் சூரையும் களாவும் இருபுறமும் அடர்ந்திருக்கும். சூரை முள் ஆடையைப் பற்றினால் இழுக்காமல் ஓர் அடி பின்னே வந்து விடுவித்துக்கொள்ள வேண்டும். அரை மணிநேரத்துக்கு ஒருமுறை நின்று, எல்லோரும் தண்ணீர் குடித்த பிறகே மேலே செல்லுங்கள்.

குகை என்று சொன்னாலும் இவை மலைக்குள் நீளும் சுரங்கங்கள் அல்ல. பாறை மேலிருந்து கூரையாக நீண்டு, அடியில் நிழல் தரும் ஒதுங்கிடங்கள். பெரிய குகையின் முன் முதன்முதலாக நிற்பவர்கள் அதன் உயரத்தைக் கண்டு சில நொடிகள் பேச மாட்டார்கள். பாறையின் உடல் முழுவதும் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீர் உருட்டிவந்து குவித்த கற்கள் இறுகிப் பாறையாகி, பின்பு மலையாக எஞ்சியிருக்கின்றன. அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் சிதையும்போது குவார்ட்சைட் என்னும் கடினமான கற்கள் விடுபட்டு, ஓடைகளில் உருண்டு, ஆற்றங்கரையில் சேர்கின்றன. அத்திரம்பாக்கத்து மனிதர் கைக்கோடரி செய்ய எடுத்தது இந்தக் கல்லைத்தான். உறுதியான, தட்டினால் கூர்மையாகப் பெயரும் மூலப்பொருளும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்ததால் இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் திரும்பத் திரும்ப வந்து தங்கினர். இந்தத் தொடர்பைக் குழந்தைகளுக்குக் காட்டத்தான் ஆற்றங்கரையை முன்பும் மலையைப் பின்பும் வைத்தேன்.

1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து கற்கருவிகளைக் கண்டது. ஓவியங்களை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். ஊரார் வழிபடும் அம்மன் இங்கே குடியிருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்லும் இடம் எது என்பதைத் துணைக்கு வருபவரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பாறைக் கூரையில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளைக் கட்டியிருக்கும். இந்த நடையின் மிகப் பெரிய ஆபத்து அவைதான். கூச்சலிடுதல், கல்லெறிதல், புகைத்தல், கற்பூரமோ ஊதுவத்தியோ ஏற்றுதல், வாசனைத் திரவியம் பூசிச் செல்லுதல் ஆகியவை அறவே கூடாது. எதிரொலி கேட்கக் குழந்தைகள் கத்த விரும்புவார்கள். குகையை நெருங்குவதற்கு வெகுமுன்பே காரணத்தைச் சொல்லித் தடுத்துவிட வேண்டும். தேனீக்கள் கலைந்து பறப்பதைக் கண்டால் கைகளை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, வந்த வழியே விரைவாக விலகிச் செல்ல வேண்டும்.

நான்காம் நடை: எண்ணூர் முகத்துவாரம்

மேற்கே மூன்று நடைகளையும் முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எண்ணூருக்கு வாருங்கள். முகத்துவாரக் குப்பத்துப் பக்கம் கரையில் நின்றால் ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திப்பதைப் பார்க்கலாம். அலையாத்திச் செடிகளும் உப்புநீர்ச் சதுப்பும் இங்கே வெள்ளச் சமவெளியின் கடைசிப் பகுதி. மேலிருந்து வரும் வெள்ளத்தை உள்வாங்கவும், கடலேற்றத்தைத் தணிக்கவும் இயற்கை வைத்த இடம். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி சாம்பலாலும் மண்ணாலும் மூடப்பட்டுவிட்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி மீனவர் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பூண்டிக் கரையில் தெளிந்த நீரைக் கண்ட குழந்தை இங்கே கேட்கும் கேள்விகளை நம் வயதினர் எதிர்கொண்டே ஆக வேண்டும்.

நீர் இறங்கிய நேரத்தில் சேற்றில் இறால் தேடுபவர்களைக் காணலாம். அவர்களுடைய வேலைக்குக் குறுக்கே செல்லாமலும், கேட்காமல் படம் எடுக்காமலும் இருப்பது மரியாதை. சேற்றில் உடைந்த கண்ணாடியும் சிப்பி ஓடும் இருப்பதால் குழந்தைகளை அங்கே இறங்க விட வேண்டாம். கரையும் பாலத்தின் நடைபாதையுமே போதும். வெயில் ஏறுவதற்கு முன், எட்டு மணிவாக்கில் படகுகள் கரை சேரும்போது, குப்பத்துப் பெண்களிடம் மீனோ இறாலோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். எந்தக் கழிவெளியில் எந்த மாதத்தில் என்ன மீன் கிடைத்துவந்தது என்று அவர்களிடம் கேட்டால், ஆற்றைப் பற்றி நாம் அறியாத பலவற்றைப் பொறுமையாகச் சொல்வார்கள்.